செவ்வாய்க்குப் போகலாம், குடித்தனம் நடத்த முடியுமா?

1969 ஜூலையில் மனிதர் நிலவில் கால் வைத்தனர். அடுத்த மாதமே, அமெரிக்க ராக்கெட் துறையின் பிதாமகரான வெர்னர் ஃபான் பிரவுன் அரசுக் குழு ஒன்றின் முன் புதிய திட்டத்தை விரித்தார். 1981 நவம்பரில் கிளம்பினால் 1982 ஆகஸ்டில் செவ்வாயில் இறங்கிவிடலாம் என்றது அந்தத் திட்டம். 1982 வந்தது, போனது. பின்னர் நெதர்லாந்தைச் சேர்ந்த மார்ஸ் ஒன் நிறுவனம், போகிறவர்கள் திரும்பவே வேண்டாம், அங்கேயே குடியேறிவிடலாம் என்று சொல்லி உலகம் முழுவதும் விண்ணப்பம் வாங்கியது. 2019இல் அது திவாலானது. 2017இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் நடந்த விண்வெளி மாநாட்டில் எலான் மஸ்க், 2022இல் சரக்கு, 2024இல் மனிதர்கள் என்று கால அட்டவணை போட்டார். அந்த இரண்டு ஆண்டுகளும் கடந்துவிட்டன. செவ்வாயில் இன்றும் இயந்திரங்கள் மட்டுமே வேலை பார்க்கின்றன.

சொன்ன தேதி தள்ளிப்போவது பெரிய குற்றமில்லை. எந்தப் பெரிய திட்டத்திலும் அது நடக்கும். கவலைப்பட வேண்டியது வேறொன்று. இத்தகைய அறிவிப்புகளில் பேச்சு பெரும்பாலும் வண்டியைப் பற்றியே இருக்கிறது: எத்தனை என்ஜின், எத்தனை டன், எத்தனை மாதப் பயணம். போய் இறங்கியவர் எந்தக் காற்றைச் சுவாசிப்பார், குடல்வால் வீங்கினால் யார் அறுப்பார்கள், அங்கே ஒரு குழந்தை பிறந்தால் அதன் எலும்பு எப்படி வளரும் என்ற கேள்விகள் பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கின்றன. ராக்கெட் கட்டுவது கடினம்தான். ஆனால் அந்தக் கலையில் மனிதருக்கு எண்பது ஆண்டுத் தேர்ச்சி இருக்கிறது. மூடிய பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் வாழும் கலையில் மனிதர் இன்னும் பாலபாடத்தைத் தாண்டவில்லை.

எடையும் தூரமும்

முதலில் வண்டிக் கணக்கையே பார்த்துவிடலாம். 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய மங்கள்யானின் எடை 1,337 கிலோ. அந்த எடையில் 852 கிலோ வெறும் எரிபொருள். ஆய்வுக் கருவிகள் ஐந்தும் சேர்ந்து 15 கிலோ. மளிகைக் கடையில் வாங்கும் அரிசி மூட்டையைவிடக் குறைவு. செவ்வாயைச் சுற்றிவர மட்டுமே போன, தரையிறங்காத, திரும்பி வராத ஒரு கலத்தின் கணக்கு இது.

தரையிறங்குவது தனித் தலைவலி. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்கைக்கூட எட்டாது. உராய்வில் கலத்தைச் சுட்டெரிக்கும் அளவுக்கு அங்கே காற்று இருக்கிறது. பாராசூட்டை நம்பி மெல்ல இறங்கும் அளவுக்கு இல்லை. 2021இல் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ரோவரின் எடை 1,025 கிலோ. அதை வெப்பக் கவசம், பாராசூட், என்ஜின் பொருத்திய மிதக்கும் கிரேன் என்று மூன்று கட்டமாக இறக்க வேண்டியிருந்தது. மனிதர் வாழும் கூடம், உணவு, மின்சாரக் கருவிகள், திரும்பி வரும் ராக்கெட் எல்லாம் சேர்ந்தால் எடை பல பத்து டன்களில் நிற்கும்.

இதற்கு மேல் நாள்காட்டியின் கட்டுப்பாடும் உண்டு. பூமியும் செவ்வாயும் பயணத்துக்குத் தோதான நிலையில் அமைவது ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒரு முறை. அந்த வாய்ப்பைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியதுதான். போவதற்கு ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். அவசரமாக ஒரு மருந்து வேண்டும், ஒரு வால்வு வேண்டும் என்றால் தபாலில் வராது.

குழி தோண்டவும் விடாத மண்

பூமிக்கு அடர்ந்த காற்றும் காந்தப்புலமும் கூரை போட்டிருக்கின்றன. செவ்வாய்க்கு அந்தக் கூரை இல்லை. கியூரியாசிட்டி ரோவர் 2011-12இல் பயணம் செய்தபோதே அதற்குள் இருந்த கருவி கதிர்வீச்சை அளந்தபடி சென்றது. நாளொன்றுக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட். பூமியில் ஒருவர் இயற்கையிலிருந்து ஓராண்டு முழுவதும் பெறுவது சராசரியாக 2.4. இங்கே ஒன்பது மாதத்தில் உடம்பில் ஏறுவது அங்கே ஒரே நாளில் ஏறிவிடும். தரையில் இறங்கிய பிறகு அது நாளுக்கு 0.65 அளவுக்குக் குறைகிறது. போவது, வருவது, திரும்பும் வாய்ப்புக்காக நடுவில் ஐந்நூறு நாள் காத்திருப்பது என்று கூட்டினால் ஏறக்குறைய 1,000 மில்லிசீவர்ட். நாசா தன் வீரர்களுக்கு வாழ்நாள் முழுமைக்கும் விதித்திருக்கும் உச்சவரம்பு 600.

மண்ணுக்கடியில் வீடு கட்டிக்கொள்ளலாம் என்பது வழக்கமான பதில். அறிவியல்படி சரியான பதில்தான். ஆனால் செவ்வாயில் குழி தோண்டிய அனுபவம் என்ன சொல்கிறது?

2018 நவம்பரில் இன்சைட் என்ற கலம் அங்கே இறங்கியது. கோளின் உள்வெப்பத்தை அளக்க, ஜெர்மானியப் பொறியாளர்கள் உருவாக்கிய முளை ஒன்று அதில் இருந்தது. நீளம் சுமார் 40 சென்டிமீட்டர். தன்னைத்தானே சுத்தியலால் அடித்துக்கொண்டு மண்ணுக்குள் ஐந்து மீட்டர் இறங்க வேண்டும். மற்ற இடங்களில் பார்த்த மண் தளர்ந்த மணலாக இருந்ததால், பக்கவாட்டு மண் முளையைப் பிடித்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். இறங்கிய இடத்தின் மண்ணோ கட்டி கட்டியாக இறுகும் வகை. முளையைச் சுற்றிப் பள்ளம் விழுந்ததே தவிர, பிடிமானம் கிடைக்கவில்லை. ஒவ்வோர் அடிக்கும் முளை இருந்த இடத்திலேயே துள்ளியது. ஒரு கட்டத்தில் பாதி வெளியே வந்துவிட்டது. இயந்திரக் கையின் கரண்டியால் பக்கவாட்டில் அழுத்தினார்கள், மேலிருந்து அழுத்தினார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டு இந்தப் போராட்டம் நடந்தது. 2021 ஜனவரியில் கடைசியாக ஐந்நூறு அடி அடித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டபோது, முளையின் தலை தரைக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டரில் இருந்தது.

மண்வெட்டியுடன் ஒரு மனிதர் அங்கே இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் சரிசெய்திருப்பார் என்று மனிதப் பயணத்தின் ஆதரவாளர்கள் வாதிடுவார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு அவரை உயிரோடு வைத்திருக்க வேண்டுமே.

காற்றுக் கணக்கு

அதற்கான முதல் முயற்சி நடந்திருக்கிறது, வெற்றியும் பெற்றிருக்கிறது. பெர்சிவியரன்ஸ் ரோவருக்குள் மாக்ஸி என்ற பெட்டியை வைத்து அனுப்பினார்கள். செவ்வாயின் காற்றில் 95 சதவீதம் கரியமில வாயு. அதை உறிஞ்சி, ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, மின்சாரத்தால் பிளந்து ஆக்ஸிஜனைப் பிரிப்பது அதன் வேலை. 2021 ஏப்ரலுக்கும் 2023 ஆகஸ்டுக்கும் இடையில் 16 முறை இயங்கி, மொத்தம் 122 கிராம் ஆக்ஸிஜன் தயாரித்தது. வேற்றுக் கோளின் பொருளிலிருந்து மூச்சுக்காற்று எடுத்தது வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை.

சாதனையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை; அளவையும் மறைக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 840 கிராம் ஆக்ஸிஜன் வேண்டும். 122 கிராம் மூன்றரை மணி நேரத்துக்குக் காணும். நால்வரைச் செவ்வாயிலிருந்து கிளப்பும் ராக்கெட்டுக்கு மட்டும் 25 டன் ஆக்ஸிஜன் தேவைப்படும் என்பது நாசாவின் கணக்கு.

இயந்திரம் பெரிதானால் இது தீர்ந்துவிடலாம். தீராதது, செடியும் மண்ணும் மனிதரும் சேர்ந்து வாழும் மூடிய வீட்டின் கணக்கு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஆரக்கிள் என்ற சிற்றூருக்கு அருகே, மூன்று ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில், கண்ணாடியும் இரும்புமாக பயோஸ்ஃபியர் 2 என்ற கூடத்தைக் கட்டினார்கள். உள்ளே மழைக்காடு, பவளப்பாறையோடு குட்டிக் கடல், அலையாத்திக் காடு, புல்வெளி, பாலை, வயல், ஆடு கோழி எல்லாம் உண்டு. 1991 செப்டம்பர் 26 அன்று நான்கு ஆண்களும் நான்கு பெண்களும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுக்கு வெளியிலிருந்து எதுவும் வராது. உள்ளே விளைவதைத் தின்று, உள்ளே சுழலும் காற்றைச் சுவாசித்து வாழ வேண்டும் என்பது ஏற்பாடு.

சில நாட்களிலேயே ஜேன் பாய்ன்டர் என்பவரின் விரல் நுனி நெல்லடிக்கும் இயந்திரத்தில் சிக்கித் துண்டானது. அறுவை சிகிச்சைக்கு வெளியே போய்த் திரும்பினார். விளைச்சல் போதவில்லை, எட்டுப் பேரும் மெலிந்தார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று சிலரின் தோல் ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது. மகரந்தம் பரப்பும் பூச்சிகள் அழிந்தன. எறும்பும் கரப்பானும் பெருகின. எட்டுப் பேர் நான்கு நான்காகப் பிரிந்து, முகம் கொடுத்துப் பேசாத இரு அணிகளானார்கள்.

எல்லாவற்றையும் மிஞ்சிய மர்மம் காற்றில் இருந்தது. 20.9 சதவீதமாக இருந்த ஆக்ஸிஜன் மாதம் மாதமாக இறங்கி, பதினாறு மாதத்தில் சுமார் 14 சதவீதத்துக்கு வந்துவிட்டது. 4,000 மீட்டர் உயர மலைமேல் இருப்பதற்குச் சமம். படியேறினால் மூச்சு வாங்கியது, இரவில் தூக்கம் கெட்டது. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்ஸிஜனைச் செலுத்தித்தான் காப்பாற்றினார்கள்.

காணாமல் போன ஆக்ஸிஜன் எங்கே போனது? பயிர் செழிக்கட்டும் என்று மண்ணில் தாராளமாக எரு சேர்த்திருந்தார்கள். அதில் பெருகிய நுண்ணுயிர்கள் ஆக்ஸிஜனை இழுத்துக் கரியமில வாயுவை வெளியிட்டன. அப்படியானால் கரியமில வாயு அதே அளவுக்கு ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜெஃப் செவெரிங்ஹாஸ், வாலஸ் ப்ரோக்கர் உள்ளிட்டோர் துப்புத் துலக்கியபோது குற்றவாளி சிக்கியது: கட்டடத்தின் கான்கிரீட். அதில் இருந்த சுண்ணாம்பு, கரியமில வாயுவை உறிஞ்சிக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றிக்கொண்டிருந்தது. செடிகள் திரும்ப ஆக்ஸிஜனாக்க வேண்டிய வாயு, சுவருக்குள் பூட்டப்பட்டுவிட்டது. சுவர் வெறும் சுவராக நிற்கும் என்று கணக்குப் போட்டவர்களுக்கு, அதுவும் மூச்சு விடும் என்பது தோன்றவில்லை.

அரிசோனாவில் ஆக்ஸிஜன் லாரி வாசலுக்கு வந்தது. செவ்வாயில் வாசல் மட்டும்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு சீனத்தின் பெய்ஹாங் பல்கலைக்கழகம் 2017-18இல் 'நிலா மாளிகை' என்ற மூடிய கூடத்தில் இரண்டு அணிகளை மாற்றி மாற்றி வைத்து 370 நாள் ஓட்டியது. நாசா 2023-24இல் ஹூஸ்டனில் நால்வரை 378 நாள் செவ்வாய் வீட்டின் மாதிரிக்குள் தங்கவைத்தது. மனநிலையையும் உடல்நிலையையும் சோதிப்பது அதன் நோக்கம். பயனுள்ள ஆய்வுகள்தான் இவை. ஆனால் ராக்கெட்டுக்குக் கிடைக்கும் பணத்தோடும் கவனத்தோடும் ஒப்பிட்டால், இந்தத் துறை அனாதைப் பிள்ளையாகவே இருக்கிறது. செவ்வாய் மண்ணில் உருளைக்கிழங்கு பயிரிடும் கதாநாயகனைத் திரைப்படத்தில் பார்த்தவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். அந்த மண்ணில் தைராய்டு சுரப்பியைக் கெடுக்கும் பெர்குளோரேட் உப்பு இருப்பதை 2008இல் ஃபீனிக்ஸ் கலம் கண்டுபிடித்தது எத்தனை பேருக்குத் தெரியும்?

டாக்டர் இல்லாத ஊர்

சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆறு மாதப் பணிக்குப் போன ஒருவருக்கு, இரண்டாவது மாதத்தில் ஆய்வுக்காக எடுத்த அல்ட்ராசவுண்டில் கழுத்து நாளத்தில் ரத்தக்கட்டு தெரிந்தது. வலியோ வேறு அறிகுறியோ கிடையாது. 2020இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான இந்தச் சம்பவத்தில், நிலையத்தின் கையிருப்பில் கொஞ்சம் ஊசி மருந்து இருந்தது. பூமியிலிருந்த மருத்துவர்கள் அளவைக் கணக்கிட்டு, அடுத்த சரக்குக் கலம் மாத்திரைகளைக் கொண்டுவரும்வரை அந்த ஊசியை இழுத்துப் பிடித்தார்கள். ஸ்கேன் செய்தவர் நோயாளியே. கீழிருந்து வல்லுநர்கள் நேரலையில் வழிகாட்டினார்கள்.

செவ்வாயில் இந்தக் கதையின் ஒவ்வொரு கண்ணியும் அறுந்துவிடும். சரக்குக் கலம் 26 மாதத்துக்கு ஒரு முறை. நேரலை கிடையாது, ஒரு வார்த்தை போய்ச் சேர மூன்று நிமிடம் முதல் இருபத்திரண்டு நிமிடம் வரை ஆகும், பதில் வர அதே அளவு. இரு கோள்களுக்கும் நடுவே சூரியன் வரும்போது ஏறக்குறைய இரண்டு வாரம் தொடர்பே தடுமாறும்.

1961இல் அண்டார்டிகாவின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையத்தில் சோவியத் மருத்துவர் லியோனிட் ரோகோசோவுக்குக் குடல்வால் அழற்சி வந்தது. அங்கே இருந்த ஒரே மருத்துவர் அவர்தான். கண்ணாடியைப் பிடிக்க ஒருவர், கருவிகளை எடுத்துக் கொடுக்க ஒருவர் என்று பக்கத்தில் நிற்க, தன் வயிற்றைத் தானே அறுத்துக் குடல்வாலை அகற்றினார். சிலி நாட்டின் அண்டார்டிகக் குடியிருப்பான வியா லாஸ் எஸ்த்ரேயாஸில் நெடுநாள் தங்கப் போகிறவர்கள், குழந்தைகள் உட்பட, குடல்வாலை முன்கூட்டியே எடுத்துவிட்டுப் போக வேண்டும் என்ற விதி இருந்தது. இத்தனைக்கும் அண்டார்டிகாவில் காற்று இலவசம்.

பிறக்கப்போகும் பிள்ளை

நான்கு பேர் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவது பயணம். குடியேற்றம் என்றால் அங்கே பிள்ளைகள் பிறந்து வளர வேண்டும். அறிவு மிக மெலிந்திருப்பது இங்கேதான்.

எடையற்ற நிலையில் விண்வெளி வீரர்களின் எலும்பு மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம்வரை அடர்த்தி இழக்கிறது. பார்வை நரம்பு வீங்குகிறது. தினமும் இரண்டு மணி நேர உடற்பயிற்சியாலும் இதை முழுதாகத் தடுக்க முடியவில்லை. செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் 38 சதவீதம். அது உடம்புக்குப் போதுமா, போதாதா? முழு ஈர்ப்பிலும் சுழி ஈர்ப்பிலும் தரவுகள் குவிந்திருக்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட ஈர்ப்பில் மனிதர் மிக நீண்ட காலம் இருந்தது 1972இல் அப்போலோ 17 வீரர்கள் நிலவில் கழித்த மூன்று நாள்தான். 1979இல் சோவியத் கலம் காஸ்மோஸ் 1129இல் எலிகளை இணைசேர விட்டுப் பார்த்தார்கள். குட்டி எதுவும் பிறக்கவில்லை. இந்த நிலையில், செவ்வாயில் பத்து லட்சம் பேர் கொண்ட நகரம் என்று பேசுவது, பெண்களின் உடலையும் பிறக்காத குழந்தைகளையும் கேட்காமலே சோதனைக்கு உட்படுத்துவதாகும்.

அங்கே பிறந்த பிள்ளையின் எலும்பும் இதயமும் பூமியின் ஈர்ப்பைத் தாங்காமல் போனால், அதற்குத் தாய்க்கோளுக்கு வரும் உரிமையே இல்லாமல் போகும். சட்டமும் ஆயத்தமாக இல்லை. 1967 விண்வெளி ஒப்பந்தம், எந்த நாடும் கோள்களைச் சொந்தம் கொண்டாடக் கூடாது என்கிறது. தனியார் செய்வதற்கும் அவரவர் அரசே பொறுப்பு என்கிறது. ஒரே நிறுவனம் வேலையும் கொடுத்து, வீடும் கொடுத்து, மூச்சுக்காற்றையும் விநியோகிக்கும் ஊரில் தொழிலாளி எப்படி வேலைநிறுத்தம் செய்வார் என்று அது யோசிக்கவில்லை.

கப்பலேறியவர்கள் கதை

அன்றைக்குக் கடல் கடந்தவர்களும் இப்படிப் பயந்திருந்தால் புது நாடுகள் கிடைத்திருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. 1587இல் சுமார் 115 ஆங்கிலேயர்கள் அமெரிக்கக் கரையில் ரோனோக் தீவில் குடியேறினர். பொருள் வாங்கி வர இங்கிலாந்து போன அவர்களின் ஆளுநர், ஸ்பெயினுடன் நடந்த போரால் மூன்று ஆண்டு தாமதித்துத் திரும்பியபோது குடியிருப்பில் ஒருவரும் இல்லை. மூச்சுவிடக் காற்றும், குடிக்கத் தண்ணீரும், வேட்டையாடக் காடும், பக்கத்திலேயே மனிதர்களும் இருந்த இடத்தில், சரக்கு வரவு அறுந்தபோது நடந்தது இது.

பூமிக்கு ஏதாவது ஆகிவிட்டால் மாற்று வீடு வேண்டாமா என்பது இன்னொரு வாதம். ஆறு கோடியே அறுபது லட்சம் ஆண்டுக்கு முன் மெக்சிகோ கரையில் விண்கல் விழுந்து டைனோசர்களை அழித்த பிறகும் இங்கே காற்று இருந்தது, கடல் இருந்தது, பாலூட்டிகள் பிழைத்தன. பூமியின் மிக மோசமான நாள்கூடச் செவ்வாயின் மிக நல்ல நாளைவிட வாழத் தகுந்தது. மாற்று வீடு இருக்கிறது என்ற எண்ணம், இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கும் அவசரத்தையும் குறைத்துவிடும்.

செவ்வாய்க்கு மனிதர் போகவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. அங்கே ஒரு காலத்தில் ஆறு ஓடியது, ஏரி நின்றது. உயிர் இருந்ததா என்ற கேள்விக்கு விடை தேட நிலவியல் தெரிந்த இரு கண்கள் பத்து ரோவர்களைவிட வேகமாக உதவும். ஆய்வாளர்கள் போகட்டும், பாறையோடு திரும்பட்டும். குடியேற்ற வாக்குறுதி கொடுப்பவர்களிடம் மட்டும் இரண்டு சோதனைகளைக் கேட்க வேண்டும். ஒன்று, பூமியிலேயே எட்டுப் பேர் 26 மாதம் ஒரு கூடத்துக்குள் இருக்கட்டும். மருந்து, உதிரிபாகம், ஆக்ஸிஜன் எதுவும் உள்ளே போகக் கூடாது. காற்றின் அளவீடு மாதந்தோறும் பொதுவெளியில் வெளியாக வேண்டும். இரண்டு, எலிகள் 38 சதவீத ஈர்ப்பில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்வதைக் காட்ட வேண்டும். ஜப்பான் தன் விண்வெளி ஆய்வகத்தில் சிறு சுழல் கருவியில் எலிகளை நிலவின் ஈர்ப்பில் வைத்து ஆராய்ந்திருக்கிறது. ஆனால் அது வாரக்கணக்கில் நடந்த ஆய்வு. இந்தியா 2035க்குள் சொந்த விண்வெளி நிலையம் அமைக்கத் திட்டமிட்டிருக்கிறது. அதில் எந்தெந்த ஆய்வுகளுக்கு இடம் என்பதை முடிவுசெய்யும்போது, பல தலைமுறை எலிகளை வளர்க்கப் போதுமான ஒரு சுழல் கூண்டுக்கு இஸ்ரோ இடம் ஒதுக்கலாம்.